ஒரு ரூம் வாடகைக்கும் வருமான வரியா? ரசீது கேட்டால் பதறும் வீட்டுக்காரர்கள்!

பொதட்டூர்பேட்டை:-

வீட்டில் ஒரு ரூமை வாடகைக்கு விட்டால் அதுக்கும் வருமான வரி கட்ட வேண்டுமா?

தறிச் சத்தம் ஓயாத பொதட்டூர்பேட்டையில் இந்தக் கேள்வியை யாரிடம் கேட்டாலும் இரண்டு பதிலில் ஒன்று தான் வரும். "சொந்த வீட்டை விடறதுக்கு எதுக்குய்யா வரி?" என்பது ஒன்று. "எழுத்துல குடுத்தா மாட்டிக்குவோம், பேசாம இரு" என்பது இன்னொன்று.

இரண்டுமே தப்பு!

சட்டப்படி ஒரே ஒரு ரூம் வாடகையும் வருமானம் தான். ஆனால் வேறு பெரிய வரும்படி இல்லாத சின்ன வீட்டுக்காரருக்கு அதில் ஒரு பைசா கூட வரி வராது. வராத வரிக்குப் பயந்து வாடகையை ஒளித்து வைக்கிறார்களே, அதில் இருந்து தான் சிக்கல் ஆரம்பம் ஆகிறது.

இது பற்றிய விவரம் வருமாறு:-

முன்கட்டில் வீட்டுக்காரர், பின்கட்டில் குடித்தனக்காரர்

திருத்தணி, பள்ளிப்பட்டு வட்டாரத்து நெசவு ஊர்களில் வீடும் தறியும் ஒன்றாகவே இருக்கும். முன்கட்டில் வீட்டுக்காரர், பக்கத்தில் தறிக் கொட்டகை, பின்கட்டிலோ மாடியிலோ ஒரு குடித்தனம். பெரியவர்கள் இதை "ஒண்டுக்குடித்தனம்" என்பார்கள். இப்போது "போர்ஷன்", "ரூம்" என்று பேர் மாறி விட்டது. அவ்வளவு தான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் போனால் இதே கதை பெரிய அளவில் நடக்கிறது. பீகார், ஒடிசா, அசாம் என்று வெளிமாநிலத்தில் இருந்து வந்த தொழிலாளர்கள் ஒரே ரூமில் பல பேராகத் தங்குகிறார்கள். தலைக்கு இவ்வளவு என்று வாடகை. ரொக்கமாகக் கை மாறும். ரசீது கிடையாது. ஒப்பந்தம் கிடையாது.

மாசச் சம்பளக்கார வாலிபர் ஒருவர் மாடிப் போர்ஷனில் குடியிருக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். வாடகை ரூ.9 ஆயிரம். ஒரு நாள் படியேறும்போது வீட்டுக்கார அம்மாளிடம் சொல்கிறார்.

"அக்கா, ஆபீசுல வாடகை ரசீது கேக்கறாங்க. உங்க பான் நம்பரும் வேணுமாம்."

"பான் நம்பரா? அதெல்லாம் எதுக்குப்பா? ரசீது தான் வேணும்னா வேற வீடு பாத்துக்கோ. இந்த மாடிக்கு ஆளா கிடைக்காது?"

பேச்சு அதோடு முடிந்தது. வாலிபருக்கு வரிச் சலுகை போச்சு. அக்காவுக்கு நிம்மதி.

ஆனால் அந்த நிம்மதிக்கு அவசியமே இல்லை. அக்காவின் கணக்கைப் போட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும்.

அக்காவுக்கு வரி எவ்வளவு?

மாசம் ரூ.9 ஆயிரம் என்றால் வருஷத்துக்கு ரூ.1 லட்சத்து 8 ஆயிரம். பேரூராட்சிக்கோ நகராட்சிக்கோ அக்கா கட்டிய வீட்டு வரி ரூ.3 ஆயிரம் என்று வைப்போம். அதைக் கழித்தால் மீதி ரூ.1 லட்சத்து 5 ஆயிரம்.

இதில் இருந்து 30 சதவீதத்தைச் சட்டமே தள்ளி விடுகிறது. ரிப்பேர், வெள்ளையடிப்பு என்று எதற்கும் பில் காட்ட வேண்டியது இல்லை. உண்மையில் செலவு செய்தாலும் செய்யாவிட்டாலும் 30 சதவீதம் கழிவு உண்டு. அதாவது ரூ.31 ஆயிரத்து 500 தள்ளுபடி.

மிச்சம் ரூ.73 ஆயிரத்து 500. இது தான் அக்காவின் வாடகை வருமானம் என்று வருமான வரி இலாகா எடுத்துக் கொள்ளும் தொகை.

2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் ரூ.4 லட்சம் வரையிலான வருமானத்துக்கு வரி இல்லை. பழைய முறையிலும் ரூ.2½ லட்சம் வரை வரி இல்லை. 60 வயது தாண்டியவருக்கு பழைய முறையில் ரூ.3 லட்சம், 80 தாண்டியவருக்கு ரூ.5 லட்சம்.

அக்காவுக்கு வேறு வருமானம் இல்லாவிட்டால் வரியும் இல்லை. அந்த ஒரு காரணத்துக்காக ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கட்டாயமும் இல்லை. ரசீதில் தாராளமாகக் கையெழுத்துப் போடலாம்!

பான் கார்டு இல்லை என்றாலும் வழி இருக்கிறது. வருஷ வாடகை ரூ.1 லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண்ணைத் தொழிலாளி தன் கம்பெனியில் கொடுக்க வேண்டும் என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 2013 அக்டோபரில் சுற்றறிக்கை விட்டது. பான் இல்லாத வீட்டுக்காரர், "எனக்கு பான் கிடையாது" என்று பெயர், விலாசத்துடன் எழுதிக் கொடுத்தால் போதும் என்று அதே சுற்றறிக்கை சொன்னது. இது பலருக்குத் தெரியாது.

மாசம் ரூ.3 ஆயிரம், ரூ.4 ஆயிரம் வாடகைக்கு விடும் வீட்டுக்காரரிடம் பான் கேட்கும் பேச்சே இதில் எழாது.

பென்ஷன் வாங்கும் வாத்தியார்

அடுத்த கணக்கு. ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர். வருஷ பென்ஷன் ரூ.6½ லட்சம். மாடியில் ஒரு ரூம், மாச வாடகை ரூ.6 ஆயிரம்.

வாடகை வருஷத்துக்கு ரூ.72 ஆயிரம். வீட்டு வரி ரூ.2 ஆயிரம் போனால் ரூ.70 ஆயிரம். 30 சதவீதம் தள்ளினால் ரூ.49 ஆயிரம்.

பென்ஷனில் புதிய முறைப்படி நிலையான கழிவு ரூ.75 ஆயிரம் போக ரூ.5 லட்சத்து 75 ஆயிரம். இரண்டையும் சேர்த்தால் ரூ.6 லட்சத்து 24 ஆயிரம்.

ரூ.12 லட்சம் வரை வரித் தள்ளுபடி இருப்பதால் இவரும் வரி கட்ட வேண்டாம். ஆனால் வருமானம் ரூ.4 லட்சத்தைத் தாண்டி விட்டது. எனவே ரிட்டர்ன் தாக்கல் செய்தே ஆக வேண்டும். பென்ஷனோடு வாடகையையும் அதில் காட்ட வேண்டும்.

"வரி தான் இல்லையே, எதுக்கு காட்டணும்?" என்று விட்டு விடுவது தான் இங்கே நடக்கும் தவறு.

இங்கே தான் கை நடுங்கும்!

மூன்றாவது கணக்கு கொஞ்சம் விவகாரமானது. கும்மிடிப்பூண்டி தொழிற்சாலை ஒன்றில் நல்ல பதவியில் இருப்பவர். சம்பளம் ரூ.12½ லட்சம். கழிவு ரூ.75 ஆயிரம் போக ரூ.11 லட்சத்து 75 ஆயிரம். ரூ.12 லட்சத்துக்குள் நிற்பதால் வரி பூஜ்யம்.

இவர் வீட்டு மாடியிலும் ரூ.6 ஆயிரம் வாடகைக்கு ஒருவர் இருக்கிறார். வாத்தியார் கணக்கில் வந்த அதே ரூ.49 ஆயிரத்தைச் சேர்த்தால் ரூ.12 லட்சத்து 24 ஆயிரம். எல்லைக் கோட்டைத் தாண்டி விட்டார்!

சாதாரணக் கணக்குப்படி வரி ரூ.63 ஆயிரத்து 600. நல்லவேளையாக, கோட்டைத் தாண்டிய தொகைக்கு மேல் வரி போகக் கூடாது என்று ஒரு நிவாரணம் இருக்கிறது. அதன்படி ரூ.24 ஆயிரம். 4 சதவீத செஸ் சேர்த்தால் ரூ.24 ஆயிரத்து 960.

அதாவது ரூ.72 ஆயிரம் வாடகை வாங்கியதற்கு ஏறக்குறைய ரூ.25 ஆயிரம் வரி. மூன்றில் ஒரு பங்கு போய் விடுகிறது.

வாடகையை மறைக்கும் ஆசை வருவது இந்த மாதிரி இடத்தில் தான். மாடி ரூமில் இருப்பவரிடம் "ரசீது எல்லாம் கேக்கக் கூடாது தம்பி" என்று முதல் நாளே பேசி விடுகிறவர்கள், பெரும்பாலும் கணக்கு தெரிந்த இந்த ஆசாமிகள். இவர்களைப் பார்த்து, வரியே வராத அக்காவும் அதே பாட்டைப் பாடுகிறார்.

வாடகை தராமல் கம்பி நீட்டினால்?

குடித்தனக்காரர் மூன்று மாச வாடகை பாக்கி வைத்து விட்டு ராத்திரியோடு ராத்திரியாக காலி செய்து விட்டார் என்றால்? வராத வாடகைக்கும் வரியா?

இல்லை. அவர் உண்மையான குடித்தனக்காரராக இருந்து, காலி செய்து போயிருந்து, பாக்கியை வசூலிக்க வீட்டுக்காரர் முயற்சி எடுத்திருந்தால், அந்தத் தொகையைக் கழிக்க விதி இடம் தருகிறது. பிறகு ஒரு காலத்தில் பாக்கி வசூலானால் அந்த வருஷத்தில் காட்ட வேண்டும். அதிலும் 30 சதவீதம் கழிவு உண்டு.

அதே போல், ஆள் வராமல் ரூம் காலியாகக் கிடந்த மாசத்துக்கு வராத வாடகையையும் குறைத்துக் கொள்ளலாம். வீட்டுக்காரர் தான் குடியிருக்கும் முன்கட்டுக்கு வரி கிடையாது. வாடகைக்கு விட்ட பகுதிக்கு மட்டும் தான் கணக்கு.

ஆனால் ஒரு விஷயம். யார் குடியிருந்தார், எப்போது வந்தார், எப்போது போனார் என்பதற்குக் காகிதம் வேண்டும். ஒப்பந்தமும் ரசீதும் இல்லாதவர் "அவன் குடுக்கலை சார்" என்று சொன்னால் யார் நம்புவார்?

தறியோடு சேர்த்து விட்டால் கணக்கே வேறு

பொதட்டூர்பேட்டைக்காரர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு.

வெறும் ரூமை வாடகைக்கு விட்டால் அது "வீட்டுச் சொத்து வருமானம்". 30 சதவீதக் கழிவு உண்டு. ஆனால் தறிக் கொட்டகையை உள்ளே இருக்கும் விசைத்தறிகளோடு சேர்த்து, பிரிக்க முடியாதபடி ஒரே வாடகைக்கு விட்டால் அது "இதர வருமானம்" என்ற தலைப்பில் போய் விடும். அங்கே 30 சதவீதம் கிடையாது. அதற்குப் பதிலாக ரிப்பேர், இன்சூரன்ஸ், எந்திரத் தேய்மானம் ஆகியவற்றைக் கழிக்கலாம். அதற்கு பில் வேண்டும்.

இன்னொன்று. வருமானம் குறைவாக இருந்தாலும், தன் பேரில் வருஷத்துக்கு ரூ.1 லட்சத்துக்கு மேல் கரண்ட் பில் கட்டியவர் ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது. தறி ஓட்டுகிறவர்களுக்கு இது லேசில் பொருந்தி விடும். அப்படித் தாக்கல் செய்யும்போது பின்கட்டு வாடகையை விட்டு விட்டால் அதுவும் மறைப்பு தான்.

குடியிருப்பவரே தன் போர்ஷனில் இன்னொருவரை உள்வாடகைக்கு வைத்தால்? அவர் வீட்டுச் சொந்தக்காரர் இல்லை. எனவே அவருக்கு வரும் பணமும் "இதர வருமானம்". 30 சதவீதக் கழிவு அவருக்குக் கிடையாது. வீட்டுக்காரரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடுவதே சட்டப்படி தப்பு.

ரூமோடு மூன்று வேளை சாப்பாடும் போட்டுப் பணம் வாங்கினால் சாப்பாட்டுக்கான பணம் வாடகை ஆகாது. அது வியாபாரம். அதைத் தனியாகக் கணக்குப் போட வேண்டும்.

சென்னை கம்பெனி ஜெயித்த கேஸ்

"வாடகை விடறது தான் என் தொழில். அதை வியாபார வருமானமா காட்டக் கூடாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். காரணம் இருக்கிறது. வியாபாரம் என்றால் வாட்ச்மேன் சம்பளம், பெயிண்ட், தேய்மானம் என்று எல்லாச் செலவையும் கழிக்கலாம்.

இந்தக் கேள்வி சென்னையில் இருந்து டெல்லி வரை போனது. சென்னை பிராப்பர்ட்டீஸ் அண்டு இன்வெஸ்ட்மெண்ட்ஸ் என்ற கம்பெனி, சென்னை ஹவுஸ், பிர்ஹாவின் எஸ்டேட் ஆகிய கட்டிடங்களை வாடகைக்கு விட்டு வந்தது. கம்பெனியின் நோக்கமே அது தான். அதனால் அந்த வாடகை வியாபார வருமானமே என்று 2015-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு அளித்தது.

அது கம்பெனிக்குக் கிடைத்த வெற்றி. வீட்டு மாடியை விடுகிறவர்களும் அந்தப் பாதையில் போக ஆரம்பித்தால் என்ன ஆகும்?

2024-ம் ஆண்டு பட்ஜெட்டில் அந்தக் கதவு சாத்தப்பட்டது. குடியிருப்பு வீட்டை, "அல்லது வீட்டின் ஒரு பகுதியை" சொந்தக்காரர் வாடகைக்கு விட்டால், அந்த வருமானத்தை வியாபாரம் என்று காட்டக் கூடாது, வீட்டுச் சொத்து வருமானமாகத் தான் காட்ட வேண்டும் என்று சட்டத்தில் விளக்கம் சேர்க்கப்பட்டது. 2025 ஏப்ரல் 1 முதல் இது அமலுக்கு வந்தது.

"வீட்டின் ஒரு பகுதி" என்ற அந்த வார்த்தை தான் முக்கியம். பின்கட்டு ரூமும் அதில் அடக்கம். ஒரு ரூம் தானே என்று சொல்லித் தப்ப முடியாது.

1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக 2025-ல் பார்லிமெண்டு நிறைவேற்றிய புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் அமல். பிரிவு எண்கள் மாறினாலும் 30 சதவீதக் கழிவு மாறவில்லை.

பொய் ரசீதும் உண்டு

வீட்டுக்காரர் ரசீது தர மறுப்பது ஒரு பக்கம். வாடகையே கொடுக்காமல் ரசீது தயார் பண்ணுவது இன்னொரு பக்கம்!

வீட்டு வாடகைப்படிக்கு வரிச் சலுகை வாங்க, சம்பளக்காரர்கள் காட்டிய வாடகையும், வீட்டுக்காரர் கணக்கில் வந்த வாடகையும் ஒத்துப் போகவில்லை என்று சில கேஸ்கள் கிளம்பின. 2024 ஏப்ரலில் இது நாடு முழுவதும் பேச்சாகி, "பழைய கேஸ்களை எல்லாம் கிளறப் போகிறார்கள்" என்று பீதி பரவியது. வாடகைப்படி விஷயத்தில் பழைய கேஸ்களைத் திறக்க விசேஷ வேட்டை எதுவும் இல்லை என்று நேரடி வரிகள் வாரியம் ஏப்ரல் 8-ந் தேதி அறிக்கை விட்டது. 2020-21 நிதியாண்டில் பெரிய தொகை ஒத்துப் போகாத சில கேஸ்களில் மட்டும் சரி பார்த்ததாகவும் அது சொன்னது.

வேட்டை இல்லை என்பது சரி. ஆனால் இரண்டு பேர் கணக்கையும் ஒத்துப் பார்க்க இலாகாவால் முடியும் என்பது அதிலேயே வெளியாகி விட்டது. வீட்டுக்காரரின் பான் எண் கம்பெனி வழியாகப் போய்ச் சேருகிறது. தன் பான் எண்ணை யாரிடம் கொடுத்தோம், எவ்வளவு தொகைக்கு ரசீது போட்டோம் என்று அடிக்கட்டை வைத்துக் கொள்ளாதவர், யாரோ எழுதிய தொகைக்குப் பதில் சொல்லும்படி ஆகலாம்.

இந்தச் சலுகை பழைய வரி முறையில் மட்டும் தான். புதிய முறைக்கு மாறிய தொழிலாளிக்கு வாடகைப்படிக் கழிவு கிடையாது. அதனால் ரசீது கேட்பவர்கள் குறையலாம். வீட்டுக்காரரின் கடமை குறையாது.

அந்த ஆயிரம் ரூபாய் போய்விடுமா?

அக்கா பயப்படுவதற்கு வரி மட்டும் காரணம் இல்லை. உள்ளூர பயம் வேறு.

2023 செப்டம்பரில் தமிழக அரசு மகளிர் உரிமைத் தொகை திட்டத்தைத் தொடங்கியபோது, குடும்ப ஆண்டு வருமானம் ரூ.2½ லட்சத்துக்குள் இருக்க வேண்டும், வீட்டுக்கு ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குக் குறைவாக மின்சாரம் செலவாகி இருக்க வேண்டும் என்று தகுதி வைத்தது. "வாடகையை எழுதினா மாசம் ஆயிரம் ரூபாய் நின்னுடும்" என்ற பேச்சு அதில் இருந்து பிறந்தது தான்.

வருமானக் கணக்கைப் பார்த்தால், வேறு வரும்படி இல்லாத அக்காவின் வாடகை முழுசாக எடுத்தாலும் ரூ.1 லட்சத்து 8 ஆயிரம் தான். ரூ.2½ லட்சத்தைத் தொடவில்லை. ஆனால் ஒரே மீட்டரில் வீட்டுக்காரரும் இரண்டு குடித்தனமும் கரண்ட் எடுத்தால் யூனிட் கணக்கு எல்லாம் அக்கா பேரில் தான் ஏறும். வாடகையை மறைத்தாலும் மீட்டர் மறைக்காது!

ஆபத்து ரசீதில் இல்லை, மீட்டரில் இருக்கிறது என்பது பலருக்குப் புரியவில்லை. குடித்தனத்துக்குத் தனி மின் இணைப்பு வாங்குவது தான் இதற்கு வழி.

வேளச்சேரியை மறந்து விட்டார்களா?

பேரும் ஊரும் தெரியாமல் ஆளைக் குடி வைப்பதில் வரியை விடப் பெரிய ஆபத்தும் உண்டு.

2012 பிப்ரவரியில் சென்னை வேளச்சேரியில் வாடகை வீட்டில் தங்கி இருந்த 5 பேரை போலீசார் என்கவுண்டரில் சுட்டுக் கொன்றனர். வங்கிக் கொள்ளைகளில் தேடப்பட்டவர்கள் என்று போலீஸ் தரப்பில் கூறப்பட்டது. அதைத் தொடர்ந்து, குடியிருப்பவர்களின் விவரத்தைப் போலீஸ் நிலையத்தில் கொடுக்க வேண்டும் என்று சென்னை மாநகர போலீஸ் கமிஷனர் உத்தரவு போட்டார்.

அதற்காக வெளிமாநிலத்தவர் எல்லாரையும் சந்தேகப்படுவது அநியாயம். அடையாள அட்டை நகல், போட்டோ, ஒப்பந்தம் ஆகிய மூன்றும் இருந்தால் வீட்டுக்காரருக்கும் பாதுகாப்பு, உழைக்க வந்தவருக்கும் மரியாதை.

நஷ்டம் யாருக்கு?

தமிழ்நாட்டில் 1960-ம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாடு சட்டம் போய், 2017-ம் ஆண்டு சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் உள்ளது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது அது. வேறு விதமாக ஒப்பந்தம் போடாவிட்டால் 3 மாச வாடகைக்கு மேல் டெபாசிட் வாங்கக் கூடாது. வாடகை வாங்கினால் கையெழுத்துப் போட்ட ரசீது தர வேண்டும். தண்ணீர், கரண்டை நிறுத்தி ஆளைக் கிளப்பக் கூடாது.

வாடகையை வரிக்குப் பயந்து மறைக்கிறவர் ஒப்பந்தமும் போட மாட்டார். அங்கே தான் இரண்டு பேருக்கும் அடி.

குடியிருப்பவருக்கு விலாச அத்தாட்சி இல்லை. கேஸ் கனெக்ஷன், பேங்க் கணக்கு என்று போன இடத்தில் எல்லாம் கையைப் பிசைய வேண்டும். "நாளைக்கே காலி பண்ணு" என்றால் சாமானைத் தூக்கிக் கொண்டு தெருவில் நிற்க வேண்டும். கொடுத்த டெபாசிட்டுக்கு சாட்சி இல்லை.

வீட்டுக்காரருக்கும் அதே கதி தான். பாக்கி வசூலிக்கக் கோர்ட்டுக்குப் போனால் "என்ன ஆதாரம்?" என்ற முதல் கேள்வியிலேயே நிற்பார். வீட்டு ரிப்பேருக்கு பேங்கில் கடன் கேட்டால், மாசம் வரும் வாடகையை வருமானமாகக் காட்ட முடியாது.

ஒத்திக்கு விடும் வழக்கமும் இங்கே உண்டு. மொத்தமாக ஒரு தொகை வாங்கிக் கொண்டு மாச வாடகை இல்லாமல் வீட்டைக் கொடுப்பார்கள். "வாடகையே வாங்கலையே" என்று நிம்மதியாக இருக்கக் கூடாது. அந்த வீடு நியாயமாக எவ்வளவு வாடகைக்குப் போகும் என்று பார்க்கவும் சட்டத்தில் இடம் உண்டு. அது மட்டும் அல்ல. ரூ.20 ஆயிரமும் அதற்கு மேலும் கடன், டெபாசிட் ரொக்கமாக வாங்கத் தடை உள்ளது. மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். ஒத்திப் பணத்தை பேங்க் வழியாக வாங்குவதே புத்திசாலித்தனம்.

மாட்டினால் என்ன ஆகும்?

வரி வரக்கூடியவர் வாடகையைக் குறைத்துக் காட்டியது தெரிந்தால், அந்த வரியோடு அதில் 50 சதவீதம் அபராதம். பொய் ரசீது, பொய்க் கணக்கு என்றால் 200 சதவீதம். வட்டி தனி. ரிட்டர்ன் தாமதமானால் ரூ.5 ஆயிரம் வரை கட்டணம், வருமானம் ரூ.5 லட்சத்துக்குள் இருந்தால் ரூ.1,000.

இதுவரை விட்டுப் போனவர்களுக்கு வழி இருக்கிறது. தானாக முன்வந்து திருத்திய ரிட்டர்ன் போட 4 வருஷம் வரை அவகாசம் கொடுத்து 2025-ல் சட்டம் தளர்த்தப்பட்டது. சீக்கிரம் போட்டால் கூடுதல் வரி 25 சதவீதம். தள்ளிப் போடப் போட 50, 60, 70 என்று ஏறும்.

இங்கிலாந்தில் எப்படி?

வீட்டுக்குள் ஒரு ரூமை விடும் சின்னக் குடும்பத்தை மற்ற நாடுகள் எப்படி நடத்துகின்றன?

இங்கிலாந்தில் 1992 முதல் இதற்கென்றே ஒரு திட்டம் இருக்கிறது. தான் குடியிருக்கும் வீட்டில், சாமான்களோடு ஒரு ரூமை விடுகிறவருக்கு ஒரு அளவு வரை வாடகைக்கு வரியே இல்லை. அந்த அளவை 2016 ஏப்ரலில் 4,250 பவுனில் இருந்து 7,500 பவுனாக உயர்த்தினார்கள். அதற்குள் வாங்குகிறவர் வரி ஆபீசுக்குச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அயர்லாந்தில் 14 ஆயிரம் யூரோ வரை வரி இல்லை. ஆனால் கணக்கில் காட்ட வேண்டும்.

ஏன் இந்தச் சலுகை? காலியாகக் கிடக்கும் ரூம் பயன்படுகிறது. வேலை தேடி வந்தவனுக்கு இடம் கிடைக்கிறது. மறைக்க வேண்டிய அவசியமும் இல்லாமல் போகிறது.

நம் நாட்டில் வாடகைக்கென்று அப்படி ஒரு கோடு இல்லை. பத்து மாடிக் குடியிருப்பு விடுகிறவருக்கும் பின்கட்டில் ஒரு ரூம் விடுகிற அக்காவுக்கும் ஒரே தலைப்பு, ஒரே 30 சதவீதம். ரூ.12 லட்சத்தின் விளிம்பில் நிற்கும் சம்பளக்காரரோ ஒரு மாடி ரூமுக்காக ரூ.25 ஆயிரம் கட்ட வேண்டி வருகிறது. மறைக்கத் தூண்டுவதே இந்த அமைப்பு தான். சொந்த வீட்டில் விடும் ஒரு ரூமுக்கு ஒரு வரம்பு வரை வரி வேண்டாம் என்று டெல்லி அறிவித்தால், கஜானாவுக்குப் பெரிய நஷ்டம் வந்து விடாது. ரசீது இல்லாமல் நடக்கும் எத்தனையோ குடித்தனங்கள் வெளிச்சத்துக்கு வரும்.

அதுவரை வீட்டுக்காரர்கள் செய்ய வேண்டியது பெரிய காரியம் இல்லை. ஒரு ஒப்பந்தம், ஒரு ரசீதுப் புத்தகம், வீட்டு வரி ரசீது. இந்த மூன்றும் அலமாரியில் இருந்தால் போதும்.

அடுத்த முறை மாடியில் இருக்கும் தம்பி ரசீது கேட்டால் அக்கா பதற வேண்டாம். வாங்கியது நியாயமான வாடகை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்து விட்டு நிம்மதியாகத் தூங்கலாம்!